கீழே போகும் கோச்சி

ரம்புக்கனை ஸ்டேஷனில் இறங்குகிற வெளியூர்க்காரர்களில் பெரும்பாலானோர் யானை பார்க்க வந்தவர்கள். இறங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் மலை ஏறப் போகிறவர்கள். கொழும்பிலிருந்து இரட்டைப் பாதையாக வருகிற தண்டவாளம் இங்கேதான் ஒற்றையாகும். இதற்கு மேலே கடுகண்ணாவை ஏற்றம். நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் மலைநாட்டுக்குப் போகிற கோச்சிகள் இங்கே நின்று, இன்னொரு எஞ்சினையும் பூட்டிக்கொண்டுதான் மேலே கிளம்பும். பலன வளைவு, சுரங்கங்கள், தூரத்தில் தட்டையாகத் தெரியும் பைபிள் மலை என்று ஜன்னலுக்கு ஜன்னல் கமராவை நீட்டுவார்கள்.

நாங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். மலை எங்களுக்குக் கண் விழித்தால் எதிரே நிற்கிற சங்கதி. நாங்கள் ஏங்கியது எதிர்ப் பக்கத்துப் பிளாட்பாரத்துக்கு. அங்கேதான் கொழும்புக்கு இறங்குகிற கோச்சி வரும். ரம்புக்கனையிலிருந்தே கிளம்புகிற ஒபிஸ் கோச்சியில் விடிவதற்கு முன்னே ஆட்கள் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் சிலர் வேலை முடிந்து தினமும் கடலோரமாக நடந்து வருகிறவர்கள் என்று கேள்விப்பட்டபோது, அவர்களை வேறு உலகத்து மனிதர்களாகப் பார்த்திருக்கிறேன்.

கடலுக்கு எங்களிடமிருந்து ஒரு வழி போய்க்கொண்டேதான் இருந்தது. மகா ஓயா அரநாயக்கைப் பக்கத்து மலைகளில் பிறந்து, மாவனல்லையைக் கடந்து, பின்னவலையில் யானைகளைக் குளிக்கவிட்டு, ரம்புக்கனைப் பக்கமாக இறங்கி, அலவ்வ, கிரிஉல்ல என்று வளைந்து வளைந்து, நீர்கொழும்புக்கு வடக்கே கொச்சிக்கடையில் கடலில் சேருகிறது. மொத்தம் 134 கிலோமீற்றர். லயத்துப் பெண்கள் உடுப்புத் துவைக்கப் போகும்போது நாங்களும் கூடவே போவோம். ரப்பர் விதையையும் பலாவிலையையும் தண்ணீரில் விட்டுவிட்டு அப்பாவிடம் எங்கே போகும் என்று கேட்டால், "இந்தத் தண்ணி நம்மளுக்கு முந்திக் கடலப் பாத்துரும்டா" என்பார்.

பின்னவலை யானைகள்கூட எங்களுக்கு முந்திக் கடற்கரையைப் பார்த்தவைதான். வில்பத்துவில் தொடங்கிய அந்தக் காப்பகம் பெந்தோட்டைக்கும், பிறகு தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கும் மாறி, 1975-இல்தான் பின்னவலைத் தென்னந்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில் பெரியவர்களுக்குக் கடல் வேறு பொருள். அப்பாயி முன்னால் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. தாத்தா சிறுவயதில் மண்டபம் கேம்பில் அடைத்து வைக்கப்பட்டு, ஊசி போட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியவர். கடலைப் பற்றி அவருக்கு நினைவிருந்தது வாந்தியும் தகர டிக்கெட்டும்தான். அப்பாயிக்கு நினைவிருந்தது அதைவிடக் கடுமையானது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். விட்டுப்போன 1,50,000 பேரை 1974-இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் பெரியப்பா குடும்பமும் ஒன்று. ஒப்பந்தம் எழுதிய அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோய்விட்டதால், பெரியப்பா காலத்தில் கப்பல் ராமேஸ்வரத்துக்குப் போனது.

அந்தக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோன கோச்சிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போயின. அட்டன், நாவலப்பிட்டி, கண்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்கி, ரம்புக்கனையைத் தாண்டி, பொல்கஹவெலயில் வடக்குப் பாதையில் திரும்பும். ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஸ்டேஷனுக்கு வந்து சேருமுன்னே சத்தம் கேட்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரோ யாருக்காகவோ அழுதுகொண்டிருப்பார்கள். உறவு இல்லாவிட்டாலும் பிளாட்பாரத்தில் நிற்கிற எங்கள் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். 1984-இல் கப்பல் நிற்கும்வரை இது நடந்தது. அப்பாயிக்குக் கடல் என்றால் அந்தக் கோச்சி போய்ச் சேர்கிற இடம். உலாத்துவதற்காக ஒருவர் கடலுக்குப் போவார் என்பதை அவர் நம்பவே இல்லை.

அந்த எண்ணத்தை மாற்றியது என் சித்தப்பா. பால் வெட்டுகிறவர், நல்ல தப்புக்காரர், சீட்டுப் பிடிப்பதில் நாணயமானவர். "வந்ததும் கடலு, போறதும் கடலு. ஒரு நாளைக்குச் சும்மா போய்ப் பாத்துட்டு வருவோமே" என்று அவர்தான் லயம் லயமாகப் போய்ப் பேசினார். சீட்டுக்காசில் ஒரு பகுதி ட்ரிப்புக்கு என்று வருஷம் முழுக்க ஒதுங்கியது.

நாள் குறித்ததில் தோட்டத்துக் கணக்கு இருந்தது. தை, மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். மலை முழுக்கச் செம்மஞ்சளாகி, பிறகு மொட்டையாகி, புதுத் தளிர் வரும்வரை பால் குறையும், வெட்டும் குறையும். பேர், அதாவது நாள் சம்பளம், கிடைக்காத நாட்கள் அவை. கையில் காசு இல்லை, ஆனால் நேரம் இருக்கிறது. அதே மாதங்களில்தான் மேற்குக் கடலும் தென்மேற்குக் கடலும் அடங்கிக் கிடக்கும். வைகாசியில் தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் நீர்கொழும்பிலும் ஹிக்கடுவையிலும் கால் வைக்க முடியாது. தோட்டத்து ஓய்வும் கடலின் ஓய்வும் ஒரே மாதத்தில் வந்தது எங்களுக்குக் கிடைத்த வரம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பஸ் இரவில் புறப்பட்டது. இரண்டு பெரிய குண்டான், அரிசி மூட்டை, தேங்காய், மிளகாய்த்தூள், கால் கட்டிய கோழிகள், ரப்பர் விறகு, பாய்கள், தப்பு. சிங்கள ட்ரைவர் மாத்தயா விறகைப் பார்த்துவிட்டு, கடற்கரையில் விறகு கிடைக்காதா என்று கேட்டார். சித்தப்பா கேட்கவில்லை. அப்பாயி கடைசி நிமிஷத்தில் ஏறினார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னார்.

விடிகிற நேரம் நீர்கொழும்பு. முதலில் வந்தது வாடை. லயத்துச் சுவரில் தொங்கும் கருவாட்டின் வாடை ஒரு நகரம் முழுவதற்கும் அடிப்பது போலிருந்தது. களப்புக்குப் பக்கத்தில் லெல்லம என்கிற மீன் ஏலச் சந்தை. ஈரத் தரையில் ஆள் நீளத்துக்குத் தோரா மீன்கள், திருக்கைகள், இறால் கூடைகள். தகர டின்னில் வந்த மீனையும் கருவாட்டையும் தவிர வேறு பார்த்தறியாத நாங்கள், ஒரு மீனுக்குக் கண் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தால் கருவாடு போடுகிற இடம். அதை நான் நெடுநேரம் நின்று பார்த்தேன். பெண்கள் குந்தியிருந்து மீனை முதுகுப் பக்கமாகக் கீறி, புத்தகம் மாதிரி விரித்து, குடலை எடுத்துப் போடுவார்கள். உப்பில் ஊறிய மீன்களை இரண்டு ஆட்கள் கூடையோடு கடலுக்குள் கொண்டுபோய் அலசுவார்கள். பிறகு மணலில் விரித்த கயிற்றுப்பாய்களில் வரிசை தப்பாமல் பரப்புவார்கள். ஒரு பாயின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை ஒரு பெண் குனிந்தபடியே நடந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனார். நிமிரவே இல்லை. எங்கள் அம்மாமாரும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு வாளியோடு நிமிராமல் போகிறவர்களுக்கு அந்த இடுப்பு வலி தெரியும். அம்மா ஏதோ கேட்டார். அந்தப் பெண் தமிழிலேயே பதில் சொன்னார். நீர்கொழும்பு மீனவர்களில் பலர் வீட்டில் தமிழும் பேசுகிறவர்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குக் கருவாடு விலை பேசவே அரை மணி நேரம் ஆனது. பேச்சு கருவாட்டைப் பற்றியது மட்டும் இல்லை.

கடற்கரைத் தெருவில் பிள்ளையார், மாரியம்மன், சிங்கமாகாளி அம்மன் என்று அடுத்தடுத்துக் கோவில்கள். மாதா கோவில்களும் சிலுவைகளும் நிறைந்த ஊரின் நடுவில் அவை அப்படி நின்றது பெரியவர்களுக்குத் தெம்பாக இருந்தது. கும்பிட்டுத் திருநீறு பூசிய பிறகுதான் கடலில் இறங்கலாம் என்று உத்தரவு.

இறங்கினோம். அந்தப் பகலை நான் அவசரமாகச் சொல்லிவிட முடியாது. பெண்கள் சேலையோடு ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அலை வந்தால் வரிசையே உட்காரும், அலை போனால் வரிசையே எழும்பும். அம்மாவின் விரல் வெடிப்புகளில் உப்புத்தண்ணீர் பட்டு எரிந்திருக்க வேண்டும். கையை உதறிக்கொண்டே சிரித்தார். அப்பாவின் வெள்ளைச் சட்டையில் ரப்பர் பால் பட்டுக் கறுத்த புள்ளிகள் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாதவை. கடல்தண்ணியில் போகும் என்று யாரோ சொன்னதை நம்பி அவர் அந்தப் புள்ளிகளைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

நாங்கள் ஒரு பந்து கொண்டுபோயிருந்தோம். சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிச் செய்த பந்து. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் கிரிக்கெட் பந்து, அதுதான் கால்பந்து. ஈர மணலில் எறிந்தால் நினைத்த பக்கம் போகாமல் எகிறும். நீர்கொழும்புப் பையன்கள் அதை வாங்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பிறகு எங்களோடு விளையாட வந்துவிட்டார்கள். கைமாறாக, கரையில் கிடந்த ஒருவ என்கிற தோணியில் ஏறி உட்காரவிட்டார்கள். பக்கவாட்டில் இரண்டு வளைந்த கம்பு, கம்பின் நுனியில் மிதக்கிற ஒரு கட்டை. அந்தக் கட்டை மட்டும் இல்லையென்றால் இவ்வளவு ஒடுங்கிய தோணி கவிழ்ந்துவிடும் என்று ஒரு பையன் கையால் செய்து காட்டினான்.

அப்பாயி தண்ணீருக்கு வரவில்லை. தென்னை நிழலில் சோற்றுக் குண்டானுக்குப் பக்கத்தில் இருந்தார். வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம், ராமேஸ்வரம் எந்தப் பக்கம் என்று கேட்டார். அவர் வடக்கே கை காட்டினார். "கல்பிட்டி, அதுக்கு அங்கால மன்னார், அதுக்கு அங்கால உங்க ஊரு" என்றார். காற்று மாறும் மாதங்களில் மன்னார்ப் பக்கம் போய் வாடி போட்டுத் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். அந்தக் கரை அவருக்கு நன்றாகத் தெரியும். அப்பாயி அந்தத் திசையில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துவந்து, கணுக்கால் நனைகிற அளவுக்கு நின்று, ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். "உப்பு இம்புட்டா இருக்கும்?" என்றார். அன்றைக்குச் சோறு உண்ணும்போது இரண்டாம் முறை கேட்டு வாங்கியது அவர்தான். வெள்ளைச் சோறு, கோழிக்குழம்பு, லெல்லமவில் வாங்கிய சூரை மீன் பொரியல், தேங்காய்ச் சம்பல். மணல் நறநறத்தது. யாரும் குறை சொல்லவில்லை.

திரும்பும்போது கொச்சிக்கடைப் பாலத்துக்கு அங்கால பஸ்ஸை நிறுத்தி, எங்கள் ஆறு கடலில் சேருகிற இடத்தைக் காட்டச் சொன்னார் அப்பா. மேல் மாகாணத்துக்கும் வடமேல் மாகாணத்துக்கும் அந்த ஆறுதான் அங்கே எல்லை. வாய்க்கால் என்கிற ஊர்ப் பக்கத்து ஓட்டுச் சூளைகளில் புகை எழுந்தது. ஊரில் குதித்து விழுந்த தண்ணீர் அங்கே அகன்று, அசையாமல், தென்னை நிழலோடு நின்றது. முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு, அதற்கு அப்பால் அலை. எங்கள் மலையின் மணல் அது. பின்னாளில் மகா ஓயா நெடுகிலும் லொறி லொறியாக மணல் அள்ளி, ஆற்றுப்படுகை இறங்கிப்போய், கடலுக்குப் போக வேண்டிய மணல் போகாமல், நீர்கொழும்புக்கு வடக்கே கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. மாரவில பக்கம் இன்று போனால், வேரோடு சாய்ந்த தென்னைகளும், கரையைக் காக்கக் கொட்டிய கருங்கற்களும் தெரியும். ஆற்றின் மேற்பகுதியில் வாழ்கிற எவரும் ஒரு தடவை அந்த முகத்துவாரத்தில் போய் நிற்க வேண்டும். நாம் இங்கே அள்ளுகிற ஒவ்வொரு கூடையும் அங்கே யாருடைய முற்றத்திலிருந்து குறைகிறது என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும்.

அந்த முதல் ட்ரிப்புக்குப் பிறகு மாசி வந்தாலே பேச்சு தொடங்கிவிடும். இடையில் 1983 கலவரம் வந்தது. பல வருஷம் யாரும் பஸ் பேசவில்லை. தமிழ் ஆட்கள் கூட்டமாக வெளியூர் போவதற்கே பயந்த காலம். திரும்பவும் துணிந்தபோது, பெரியவர்கள் கோவில் பேரைச் சொல்லித்தான் கிளம்பினார்கள்.

அப்படிக் கிடைத்ததுதான் முன்னேஸ்வரமும் உடப்பும். மாசிச் சிவராத்திரிக்குக் குருணாகல் வழியாகச் சிலாபம் போய், முன்னேஸ்வரத்தில் விழித்திருந்து, விடிந்ததும் வடக்கே உடப்புக்குப் போவோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, நடுவில் நெருக்கமாக வீடுகளும் திரௌபதை அம்மன் கோவிலும். ஆடியில் அங்கே தீமிதிப்பு. மாசியில் போகிறவர்களுக்குக் கரவலை. கடற்கரைக்குப் போய்ச் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தைச் சொல்லச் சொன்னால், கரவலை இழுக்கிறவர்களோடு சேர்ந்து கயிற்றைப் பிடியுங்கள் என்றுதான் சொல்வேன்.

தோணி விடியும் முன்னே வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு தலைப்புக் கயிற்றையும் கரைக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டு அணியாக ஆட்கள் நின்று அந்தக் கயிறுகளை இழுப்பார்கள். ஒருவர் அம்பா பாட்டு எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடி ஒரே அடியாகப் பின்னால் சாய்வார்கள். பின்னால் போனவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து தண்ணீருக்குள் முன்னால் பிடிப்பார். நாங்களும் பிடித்தோம். கயிறு கையைச் சிராய்க்கும். முதல் அரை மணி நேரம் எதுவுமே நகராதது போலிருக்கும். பிறகு இரண்டு அணியும் மெல்ல மெல்ல ஒன்றை ஒன்று நெருங்கி வரும். வலையின் மடி கரையைத் தொடுகிற நேரம் தண்ணீரே கொதிக்கும். சாளை, நெத்தலி, காரல், நடுவில் ஒரு பாரை. பங்கு பிரித்த பிறகு, இழுத்த எங்களுக்கும் ஒரு கூடையின் அடியில் இருந்ததைக் கொட்டினார்கள். சித்தப்பா வேண்டாம் என்றார். "இழுத்தவனுக்குப் பங்கு உண்டு, அண்ணே" என்று ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நாள் முழுக்க நிறுவைக்கு நின்று பழகிய எங்கள் ஆட்களுக்கு அந்த நியாயம் மிகப் பெரிதாகப் பட்டது.

கொழும்புக் கடல் எங்களுக்குக் கோச்சிக் கடல். கோட்டையில் இறங்கி, அளுத்கமைக்கோ மாத்தறைக்கோ போகிற கோச்சிக்கு மாறி, வலப்பக்கம் உட்கார வேண்டும். கொள்ளுப்பிட்டி வருமுன்னே கடல் ஜன்னலுக்கு வந்துவிடும். வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று தண்டவாளத்துக் கல்லில் அலை அடிக்கிற இடங்கள். மலைநாட்டுக் கோச்சிப் பயணத்தை உலகம் கொண்டாடுகிறது. இந்தக் கரையோரப் பயணம் அதற்கு ஒரு துளியும் குறைந்ததில்லை. டிக்கெட் விலையும் ஏழைக்கு எட்டும்.

காலிமுகத்திடலுக்கு எல்லோரும் போயிருப்பார்கள். கடலோரப் புல்வெளி; அதன் நடைபாதையை ஆளுநர் ஹென்றி வோர்ட் 1859-இல் முடித்துவைத்தார். கொழும்பு நகரத்துப் பெண்கள், பிள்ளைகளின் நன்மைக்காக இதை எனக்குப் பின்னால் வருகிறவர்கள் காப்பாற்றட்டும் என்ற பொருளில் அங்கே ஒரு கல்லில் பொறித்து வைத்திருக்கிறார். ரம்புக்கனைப் பெண்களும் பிள்ளைகளும் அங்கே இஸ்ஸோ வடையும் மாங்காய் அச்சாறும் வாங்கித் தின்று, பட்டம் பார்த்து, கல்லணையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலைக்குப் போன எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சந்திப்பிடம் அதுதான். அம்மாமார் பலகாரம் கொண்டுபோய்ப் பிள்ளையைப் பார்ப்பது அந்தப் புல்லில்தான்.

2022 ஏப்ரலில் அந்தத் திடல் போராட்டத் திடலானது. அதே மாதம் 19ஆம் திகதி, எரிபொருள் விலை ஏறியதை எதிர்த்து ரம்புக்கனையில் மக்கள் ரயில் கடவையை மறித்தார்கள். பொலிஸ் சுட்டதில் ஒருவர் உயிர் போனது, பலர் காயப்பட்டார்கள். எங்கள் கடவை அது. நாங்கள் கடலுக்குப் போகும்போதெல்லாம் தாண்டுகிற கடவை. அந்த ஆண்டு எவருக்கும் ட்ரிப் நினைவே வரவில்லை.

தெற்கே ஹிக்கடுவையில் கண்ணாடிப் படகு. அடித்தட்டில் பதித்த கண்ணாடி வழியாகப் பவளப்பாறையும் வரிமீன்களும் தெரியும். 1998-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்ததற்கு முன்னே பார்த்தவர்களுக்கு, இப்போது காண்பது மிச்சம்தான். என்றாலும் ஆமைகள் கரைக்கே வருகின்றன. அதற்குச் சற்று முன்னே பெரலிய. 2004 டிசம்பர் 26 காலை கோட்டையிலிருந்து கிளம்பிய மாத்தறைக் கோச்சியை அங்கேதான் சுனாமி தூக்கி எறிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். போயா விடுமுறையும் நத்தார் விடுமுறையும் சேர்ந்த நாள். ஊருக்கும் உலாத்தவும் போனவர்கள் நிறைந்த கோச்சி. எங்கள் பஸ் அங்கே நிற்காமல் போவதில்லை. நினைவுத்தூணில் கற்பூரம் ஏற்றுவோம். காலிக்கோட்டையின் மதிலில் அந்தி வெயிலில் நடப்பதும், வெளிச்சவீட்டுக்குக் கீழே கச்சான் தின்பதும் அதற்குப் பிறகுதான்.

திருகோணமலை எங்கள் தலைமுறைக்குப் பேராகவே இருந்தது. 2009-க்குப் பிறகுதான் தோட்டத்து பஸ்கள் அந்தப் பக்கம் திரும்பின. கிழக்குக் கடல் எங்கள் கடலுக்கு நேர்மாறு. மேற்கு கொந்தளிக்கிற வைகாசியிலிருந்து ஆவணிவரை அங்கே கடல் பளிங்காகக் கிடக்கும். ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறைக்கு அதைவிட்டால் வேறு இடம் இல்லை. கோணேசர் கோவில் மலை உச்சியில் நின்று இராவணன் வெட்டுக்குக் கீழே பார்த்தால் தலை சுற்றும். போகிற வழியில் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களோடு ஆட்களாக நடக்கும். கன்னியாவில் ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இரவெல்லாம் பஸ்ஸில் வந்த உடம்புக்கு முதலில் அங்கே நாலு வாளி ஊற்றுவதுதான் சரி. நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்குப் போகலாம். படகுக்கூலி, உள்ளே போகும் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் எங்கள் ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது. பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் கரையில் இருப்பார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆற்றில் நீந்தப் பழகிய தோட்டத்துப் பையன்கள் கடலையும் ஆறு என்று நினைக்கிறார்கள். ஆற்றில் இழுப்பு எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்க்கலாம். கடலில் கரைக்கு வந்த தண்ணீர் ஓரிடத்தில் சேர்ந்து உள்ளே ஓடுவது பழகாத கண்ணுக்குத் தெரியாது. அப்படி இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது; கரைக்கு இணையாக ஒரு பக்கம் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து விலக வேண்டும். செங்கொடி நிற்கிற இடத்தில் இறங்கவே கூடாது. சாராயப் போத்தலோடு ட்ரிப் வருகிறவர்களை நான் முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறேன். இனியும் திட்டுவேன். நீச்சல் தெரியாத குடும்பத்துக்குப் பாசிக்குடாவே மேல். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்புத் தண்ணீர்தான்.

எங்கள் தோட்டத்தில் இப்போது பால் வெட்ட ஆள் குறைவு. பெட்டைகள் கார்மென்ட்டுக்கும், பையன்கள் கொழும்புக் கடைகளுக்கும் போய்விட்டார்கள். ட்ரிப் மட்டும் நிற்கவில்லை. சீட்டு இன்றைக்கும் இருக்கிறது. சித்தப்பா இடத்தில் அவருடைய மகள் பிடிக்கிறாள். இந்த ஓகஸ்டுக்குத் திருகோணமலையா பாசிக்குடாவா என்ற வழக்கு போன மாதம்தான் தீர்ந்தது. இரண்டு நாள், முதல் நாள் திருகோணமலை, அடுத்த நாள் பாசிக்குடா. இனிச் சாப்பாட்டு வழக்கு. சின்னவர்கள் பார்சல் வாங்கிக்கொள்வோம், யார் இந்தக் காலத்தில் குண்டான் தூக்குவது என்கிறார்கள். சின்னம்மா ஒப்பவில்லை. பார்சல் சோற்றுக்குக் கடற்கரை எதற்கு, டவுனிலேயே நின்று தின்னலாமே என்று அவர் கேட்டதற்கு எவரிடமும் பதில் இல்லை. நானும் அவர் பக்கம்தான். குண்டான் இரண்டையும் ஈயம் பூசக் கொடுத்தாயிற்று. அரிசியும் தேங்காயும் இங்கிருந்து போகும், மீன் திருகோணமலையில் வாங்குவோம், விறகுக்குப் பதில் காஸ் அடுப்பு. மிளகாய்த்தூள் சின்னம்மாவே இடிக்கிறார்.